கைக்கமரா கேள்வி பதில்: புழுதி, கற்பூரம், நாரை

சட்டைப்பையில் அடங்கும் உயர்தரக் கமராக்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். புழுதியைப் பற்றி மட்டும் பலர் கேட்டிருந்தார்கள். அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மச்சான் ஆவணியில் வரும்போது கமரா ஒன்று கொண்டு வருவதாகச் சொல்கிறார். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, ரிக்கோ ஜிஆர் 3, ஃபுஜி எக்ஸ்100வி ஆகிய மூன்றில் எதைச் சொல்லலாம்? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: முதலில் சென்சரை, அதாவது ஒளியைப் படமாக்கும் உள்தகட்டைப் பாருங்கள். சோனியில் இருப்பது 'ஒரு அங்குல' சென்சர். பெயரை நம்பி அடிமட்டம் வைக்க வேண்டாம். அது பழைய தொலைக்காட்சிக் கமராக் குழாய்களின் காலத்தில் வந்த பெயர். உண்மை அளவு 13.2 க்கு 8.8 மில்லிமீற்றர். மற்ற இரண்டிலும் இருப்பது ஏபிஎஸ்-சி, ஏறத்தாழ 23.5 க்கு 15.6 மில்லிமீற்றர். பரப்பில் மூன்று மடங்கு. பகலில் இந்த வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பின்னேரம் ஆறரைக்கு ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறனை) 3200 இல் வைத்து எடுத்துப் பாருங்கள், தேடாமலே தெரியும்.

சென்சர் சிறியது என்பதால் சோனி குறைந்தது ஆகிவிடாது. அதன் லென்ஸ் 24 முதல் 200 மில்லிமீற்றர் வரை போகும் (எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்ட வரும்). பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, தேர், குளக்கரை என்று எல்லாவற்றுக்கும் ஒரே கமரா வேண்டும் என்றால் அதுதான். ரிக்கோவுக்கு சூம் இல்லை. 28 மில்லிமீற்றருக்குச் சமமான எஃப் 2.8 லென்ஸ் ஒன்றே (எஃப் எண் லென்ஸின் துவார அளவைச் சொல்வது; எண் சிறிதானால் துவாரம் பெரிது). ஆனால் பற்றரியோடு சேர்த்து 257 கிராம், உண்மையாகவே சட்டைப்பைக் கமரா. ஃபுஜி 35 மில்லிமீற்றருக்குச் சமமான எஃப் 2 லென்ஸ், 478 கிராம். சட்டைப்பைக்குள் வைத்தால் பை கிழியும்.

இன்னொன்றைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். நண்பகல் வெயிலில் வயல் வரம்பில் நின்றால் கமராவின் பின்திரையில் உங்கள் முகம்தான் தெரியும், படம் தெரியாது. ஃபுஜியில் கண்ணை வைத்துப் பார்க்கும் நல்ல வியூஃபைண்டர் இருக்கிறது. சோனியில் மேலே தள்ளி எழுப்பும் சிறியது ஒன்று இருக்கிறது. ரிக்கோவில் இல்லவே இல்லை. மூன்றிலும் புழுதிக்கும் தூறலுக்கும் ஓரளவு தாக்குப்பிடிப்பது ஃபுஜி மட்டும், அதுவும் முன்னால் ஏஆர்-எக்ஸ்100 வளையமும் 49 மில்லிமீற்றர் பில்டரும் பூட்டினால்தான். பூட்டாவிட்டால் அதுவும் திறந்த வீடு.

வன்னிக்கு எங்கள் தெரிவு, வளையத்தோடும் பில்டரோடும் ஃபுஜி. சூம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்குச் சோனி. ரிக்கோ அருமையான கமராதான். ஆனால் கவனமாக வைத்திருக்கக் கூடியவரின் கையில்தான் அது நிலைக்கும். ஏன் என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

மச்சானுக்கு இரண்டு விடயம் சொல்லுங்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று வந்த சோனி கமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும், மாற்ற முடியாது. இணையத்தில் விலை குறைவாகத் தெரிந்தால் இதையும் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். பாவித்த கமரா என்றால் சூமைப் பத்துத் தரம் உள்ளே வெளியே விட்டுப் பார்க்க வேண்டும். இடையில் தயங்கினாலோ கறகறத்தாலோ வேண்டாம்.

கேள்வி: வானத்தை எடுத்தால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி விழுகிறது. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை. கமரா ரிக்கோ ஜிஆர் 3. (ஒட்டுசுட்டான் வாசகர், இதையே வேறு கமராக்களுக்காகத் துணுக்காய், நெடுங்கேணி, மல்லாவி வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள்)

பதில்: துடைத்தால் போகாது, ஏனென்றால் அது லென்ஸின் முகத்தில் இல்லை. முன்கண்ணாடியில் இருக்கும் தூசு புள்ளியாக விழுவது அரிது. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் மங்கலாக மட்டும் தெரியும். உங்கள் தூசு சென்சரின் மேல் கண்ணாடியில் குந்தியிருக்கிறது.

உறுதிப்படுத்த ஒரு வழி. கமராவை ஏ முறையில் (துவாரத்தை நீங்களே தெரிவு செய்யும் முறை) வைத்து, துவாரத்தை ஆகச் சிறியதாக்குங்கள்: ரிக்கோவில் எஃப் 16, ஆர்எக்ஸ்100 வகைகளில் எஃப் 11. கைமுறைக் குவியத்தில் (மானுவல் போகஸ்) மிகக் கிட்டத்துக்கு வைத்து, தெளிந்த வானத்தை எடுங்கள். கை ஆடினாலும் பரவாயில்லை. பிறகு அதே வானத்தை எஃப் 2.8 இல் எடுங்கள். முதலாவதில் கறுப்பாகத் தெரிந்த புள்ளி இரண்டாவதில் கரைந்து போனால் அது சென்சர்த் தூசுதான். சிறு துவாரம் வழியாக வரும் ஒளி ஒடுங்கி வருவதால் தூசின் நிழல் கூர்மையாக விழுகிறது; பெரிய துவாரத்தில் நிழல் பரந்து மறைகிறது.

எப்படி உள்ளே போனது? லென்ஸ் கழற்ற முடியாத கமராவுக்குள் தூசு போகாது என்று பலர் நினைக்கிறார்கள். கமராவை இயக்கும்போது லென்ஸ் வெளியே நீள்கிறது. உள்ளே இடம் கூடுகிறது. அந்த இடத்தை நிரப்ப வளைய இடுக்குகளால் காற்று உள்ளே இழுபடுகிறது. சைக்கிள் பம்ப் செய்யும் அதே வேலை. ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் கிரவல் பாதைகளில் சோளகம் வீசும் மாதங்களில் பறக்கும் செம்புழுதி மாவைப் போல மென்மையானது. லென்ஸின் குழாயில் அது படிந்திருக்க, கமராவை அணைத்தால் குழாயோடு சேர்ந்து உள்ளே போகிறது. கழற்றும் லென்ஸ் உள்ள கமராவில் ஊதி எடுத்துவிடலாம். இதில் உள்ளே போனது போனதுதான்.

இப்போது செய்யக்கூடியது: ரிக்கோ ஜிஆர் 3 இன் மெனுவில் தூசு நீக்கும் வசதி இருக்கிறது, சென்சரை அதிரவைத்து உதறும். பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்து, லென்ஸ் நிலத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு நாலைந்து தரம் இயக்குங்கள். காய்ந்த புழுதி சில வேளை விழும். ஈரத்தோடு ஒட்டியது விழாது. வாக்யூம் கிளீனரை லென்ஸில் வைத்து இழுக்கும் வேலையைச் சிலர் சொல்லித் தருவார்கள், அது வேண்டாம். ஒரு புள்ளியை எடுக்கப் போய் ஒன்பதைக் கொண்டுவந்து சேர்க்கும், உள்கண்ணாடி இடம் மாறவும் கூடும். தகரத்தில் அடைத்த காற்றும் வேண்டாம். சரித்துப் பிடித்தால் திரவமாகத் தெறித்துக் கறை படியும்.

அதற்கும் போகாவிட்டால் கமராவைக் கழற்றத் தெரிந்த திருத்துநரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒரு புள்ளிக்காக அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. எஃப் 4, எஃப் 5.6 இல் எடுத்தால் பெரும்பாலும் தெரியாது. ஒரு அங்குல சென்சர்க் கமராவில் எஃப் 5.6 க்கு மேலே போவதால் கூர்மை கூடுவதுமில்லை, ஒளி விளிம்பில் சிதறிக் குறையவே செய்யும். தெரிந்த புள்ளியை ஸ்நாப்சீட் போன்ற செயலியில் ஒரு தொடுகையில் அழிக்கலாம்.

இனிமேல் போகாமல் பார்ப்பதற்கு: எடுத்த படத்தைப் பார்க்க மட்டும் என்றால் பவர் பொத்தானால் இயக்காமல் படம் பார்க்கும் பொத்தானை அழுத்தி இயக்குங்கள், லென்ஸ் நீளாது. ரிக்கோவில் அதைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அணைக்க முன் லென்ஸைக் கீழே பார்க்கப் பிடித்து இறப்பர் ஊதியால் குழாயைச் சுற்றி நாலு ஊது ஊதுங்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது சிப் பூட்டும் பொலித்தீன் பைக்குள் போட்டு, அதைத் தோள்பைக்குள் வையுங்கள். காற்சட்டைப்பை ஆகக் கூடாத இடம்: பஞ்சு, வியர்வை, மண் மூன்றும் ஒன்றாக இருக்கும். ரிக்கோவுக்கு ஜிஏ-1 என்ற வளையம் வருகிறது. அதன் முன்னால் 49 மில்லிமீற்றர் பில்டரைப் பூட்டினால் லென்ஸ் அந்தக் குழாய்க்குள்ளேயே நீண்டு சுருங்கும். கமரா பைக்குள் அடங்காமல் போகும் என்பது உண்மை. புழுதி மாதங்களில் மட்டும் பூட்டி, மாரியில் கழற்றிவிடலாம்.

கேள்வி: முல்லைத்தீவுக் கடற்கரையில் காற்றடித்தபோது மண் பட்டு, லென்ஸ் பாதி நீண்டபடி நிற்கிறது. 'அணைத்து மீண்டும் இயக்கவும்' என்று திரை சொல்கிறது. (சிலாவத்தை வாசகி)

பதில்: திரை சொல்வதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம். உள்ளே இருப்பவை சிறிய பற்சக்கரங்கள். மண்மணி இடையில் நிற்க மோட்டார் இழுத்தால் பல் தேயும். பற்றரியைக் கழற்றுங்கள். லென்ஸை நிலம் பார்க்கப் பிடித்து, வளைய இடுக்குகள் எல்லாவற்றையும் சுற்றி இறப்பர் ஊதியால் ஊதுங்கள். மென்மையான தூரிகையால் இடுக்கைத் தடவி மீண்டும் ஊதுங்கள். இதைப் பத்து நிமிடம் பொறுமையாகச் செய்ய வேண்டும். பிறகு முழுச் சார்ஜ் உள்ள பற்றரியைப் போட்டு, லென்ஸ் கீழே பார்த்தபடியே ஒரு தரம் இயக்குங்கள். அசைந்தால் உள்ளே போக விடாமல், நீண்ட நிலையில் இன்னொரு முறை ஊதிவிட்டு அணையுங்கள். இரண்டாம் தரமும் அசையாவிட்டால் நிறுத்திவிட்டுத் திருத்தக் கொடுங்கள். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டால் சரிவரும் என்று யாராவது சொன்னால் கமராவை அவரிடமிருந்து மறைத்து வையுங்கள். எண்ணெய் மண்ணைப் பிடித்து வைப்பதோடு ஷட்டர் இதழ்களிலும் ஊரும்.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலில் கற்பூரச்சட்டி எடுப்பவர்களைப் படமெடுத்தேன். நெருப்பு வெள்ளைத் திட்டாகவும் முகங்கள் வெளிறியும் வந்தன. எங்கே பிழை? (முள்ளியவளை வாசகர்)

பதில்: பிழை கமராவின் தானியங்கி அளவீட்டில். வைகாசி இரவில் படச் சட்டத்தின் பெரும் பகுதி இருட்டு. இருட்டைச் சாம்பலாக்கப் பார்த்துக் கமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது. நெருப்பில் இருந்த வடிவம் எரிந்து போகிறது. எரிந்த வெள்ளையை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. இருட்டை ஓரளவு மீட்கலாம். ஆகவே இருட்டின் பக்கமே சாய வேண்டும்.

எம் முறை (துவாரமும் ஷட்டர் வேகமும் உங்கள் கையில்), ஐஎஸ்ஓ தானியங்கி. உச்ச வரம்பை ஒரு அங்குல சென்சரில் 3200, ஏபிஎஸ்-சியில் 6400 என்று கட்டுங்கள். துவாரம் ஆகப் பெரியது. சட்டியோடு நடந்து வருபவர்களுக்கு ஷட்டர் 1/125 செக்கன். காவடி ஆட்டத்துக்கு 1/250. அதிலும் கால்கள் கொஞ்சம் மங்கும், அது அழகுதான். வெளிச்ச ஈட்டை (கமரா அளந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கழித்தல் 1 இல் வையுங்கள், நெருப்பு சட்டத்தில் பெரிதாக இருந்தால் கழித்தல் ஒன்றரைக்குப் போங்கள். ரோ வடிவில் (கமரா பதப்படுத்தாத மூலக்கோப்பாக) சேமியுங்கள்.

வெள்ளைச் சமநிலையை (ஒளியின் நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) தானியங்கியில் விட்டால் தீயின் பொன்னிறத்தைக் கமரா 'திருத்தி' வெளிறச் செய்துவிடும். பகல் வெளிச்சம் என்ற நிலையில் பூட்டுங்கள். முகம் மிகவும் செம்மஞ்சளாகத் தெரிந்தால் 4000 கெல்வின் அளவுக்கு இறக்கலாம்.

குவியம்தான் அடுத்த தலைவலி. கற்பூரப் புகைக்குள் கமரா முகத்தைத் தேடித் தேடி அலையும். ரிக்கோவில் இதற்கு ஸ்னாப் குவியம் இருக்கிறது. தூரத்தை 2.5 மீற்றரில் வைத்து எஃப் 2.8 இல் எடுத்தால் ஏறக்குறைய 1.8 இலிருந்து 4 மீற்றர் வரை தெளிவாக இருக்கும். சட்டி எடுப்பவர் அந்தத் தூரத்துக்குள் வந்ததும் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டியதுதான். மற்றக் கமராக்களில் சட்டியின் விளிம்பைக் குவியப் புள்ளியாக எடுங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் இடத்தில் கமரா தடுமாறாது.

பிளாஷை மூடுங்கள். குவியத்துக்கு உதவும் சிறு விளக்கையும் மெனுவில் நிறுத்துங்கள். நேர்த்தியோடு வருபவரின் கண்ணில் அது அடிப்பது நன்றாக இல்லை. சத்தத்தையும் நிறுத்தினால், லென்ஸுக்குள் இருக்கும் இதழ் ஷட்டர் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. சத்தமில்லை என்பதற்காக எலக்ட்ரோனிக் ஷட்டருக்கு மாற்ற வேண்டாம்: நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், வீதியோர அலங்கார விளக்குகளின் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழும். அப்படி விழுந்தால் இதழ் ஷட்டரில் 1/50 அல்லது 1/100 க்கு வாருங்கள்.

பலர் மறப்பது திருநீறு. காற்றில் பறக்கும் திருநீறும் லென்ஸ் குழாய்க்குப் புழுதிதான். கற்பூரக் கரி முன்கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும்; அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் முதலில் ஊதி, பிறகு மென்துணியால் துடைக்காவிட்டால் விளக்குகளைச் சுற்றிப் பனிமூட்டம் போல வரும். உள்வீதியில் எங்கே எடுக்கலாம் என்பதைக் கோயில் நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூலஸ்தானத்தை எடுக்க நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: நல்ல போன் இருக்கும்போது இந்தக் கமரா எதற்கு? (வவுனியா வாசகர்)

பதில்: வட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புவதென்றால் தேவையில்லை, காசை வைத்திருங்கள்.

கேள்வி: கலியாண வீட்டில் வெள்ளை வேட்டி சட்டையோடு நிற்பவர்களின் முகம் கறுத்து வருகிறது. மத்தியான வெயில், ஃபுஜி எக்ஸ்100வி. (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: வேட்டியின் வெண்மையைக் கண்டு கமரா வெளிச்சத்தைக் குறைக்கிறது. நம் தோலின் நிறத்துக்கும் வேட்டிக்கும் இடையில் உள்ள தூரம் பெரியது, இரண்டையும் சராசரியாக்கினால் முகம்தான் தோற்கும். அளவீட்டைப் புள்ளி முறைக்கு மாற்றி முகத்தில் அளந்து, வெளிச்ச ஈட்டில் கூட்டல் மூன்றில் ஒன்று கொடுங்கள். வேட்டி எரிகிறதா என்று திரையில் வரும் வெளிச்ச வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பாருங்கள்.

அதைவிடச் சுலபமானது நிழலுக்குக் கூட்டிப் போவது. மரத்தடி நிழலில் இலைகளின் இடையால் காசு காசாக வெயில் விழும், முகத்தில் திட்டுத் திட்டாக வரும். விறாந்தையின் விளிம்புக்கு ஒரு மீற்றர் உள்ளே, முகம் முற்றத்தைப் பார்க்க நிறுத்துங்கள். முற்றத்து மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே விழும் நிழலைத் தானே நிரப்பும்.

வெயிலில்தான் எடுக்க வேண்டும் என்றால், முதுகில் வெயில் படும்படி நிறுத்தி பிளாஷைப் போடுங்கள். இங்கேதான் இந்தக் கமராவின் கெட்டித்தனம் இருக்கிறது. பெரிய கமராக்களில் வழமையாக 1/200, 1/250 செக்கனுக்கு மேல் பிளாஷ் ஒத்துவராது. இதில் இருக்கும் இதழ் ஷட்டரில் 1/1000 இலும் ஒத்துவரும். ஐஎஸ்ஓ 160, எஃப் 5.6, 1/1000 இல் தொடங்குங்கள். உள்ளே இருக்கும் சிறு பிளாஷ் அந்தத் துவாரத்தில் ஒரு மீற்றர்தான் எட்டும், ஒருவரின் தோள் வரைக்கும் போதும். குடும்பப் படத்துக்குப் போதாது. உள்ளே இருக்கும் என்டி பில்டரைப் போட்டால் பிளாஷ் கூடுதலாக எட்டும் என்று நினைக்காதீர்கள். அது வெயிலையும் பிளாஷையும் ஒன்றாகவே குறைக்கும்.

கேள்வி: சுண்டிக்குளத்தில் நாரைகளை எடுக்க ஆர்எக்ஸ்100 மார்க் 7 போதுமா? (பரந்தன் வாசகர்)

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மில்லிமீற்றருக்குச் சமமான லென்ஸில் 30 மீற்றர் தூரத்தில் சட்டத்துக்குள் அடங்குவது 5.4 மீற்றர் அகலம், 3.6 மீற்றர் உயரம். ஒரு மீற்றர் உயரமான நாரை சட்டத்தின் உயரத்தில் கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும். ஏறக்குறைய 1000 பிக்சல். நல்ல அச்சில் எட்டரை சென்ரிமீற்றர் உயரத்துக்கு வரும். 60 மீற்றருக்குப் போனால் அதிலும் பாதி. பறவை 30 மீற்றருக்குக் கிட்டவாக விடுமா என்பதுதான் கேள்வி. அதே அளவு சென்சர் உள்ள ஆர்எக்ஸ்10 மார்க் 4 இல் 600 மில்லிமீற்றர் கிடைக்கும், ஆனால் அது 1095 கிராம். கைக்கமரா என்று சொல்ல வாய் வராது.

இருப்பதைக் கொண்டு போவதானால் காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும். எட்டரை தாண்டினால் உவர்நிலத்தின் மேல் கானல் எழும், அதற்குப் பிறகு எந்த லென்ஸாலும் கூர்மை வராது. நிற்கும் பறவைக்கு 1/500, எழும்பும் பறவைக்கு 1/1600. டிஜிட்டல் சூமை நிறுத்திவிடுங்கள், அது வெட்டிப் பெருப்பிப்பது மட்டும்தான். ஒற்றைப் பறவையைத் துரத்தாமல் கூட்டத்தை நீரோடும் வானத்தோடும் சேர்த்து எடுத்தால் இந்தக் கமராவுக்கு அது பொருந்தும். 2015 முதல் சுண்டிக்குளம் தேசியப் பூங்கா. பறவைகளைக் கலைத்து எழுப்பிப் படமெடுப்பது அங்கே குற்றம், எங்கேயும் கூடாது.

கேள்வி: மாரியில் லென்ஸுக்குள் நூல் நூலாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அரிசிக்குள் வைத்தால் போகுமா? (மாங்குளம் வாசகர்)

பதில்: போகாது. பிடித்த பூஞ்சணத்தைக் கண்ணாடியைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும், நாட்பட்டால் பூச்சையே அரித்துவிடும். அரிசி தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும், தவிட்டுத் தூளைத் தாராளமாகக் கொடுக்கும்.

அடுத்த மாரிக்கு: இறப்பர் விளிம்போடு இறுக மூடும் ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் 100 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று. ஈரப்பதம் 40 க்கும் 50 க்கும் இடையில் நிற்கட்டும். 60 ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு அழைப்பு. 30 க்குக் கீழே இறக்குவதும் வேண்டாம், இறப்பரும் பசையும் காயும். நிறம் மாறும் வகை சிலிக்கா வாங்குங்கள். நிறம் மாறியதும் தாச்சியில் மெல்லிய நெருப்பில் பழைய நிறம் வரும் வரை வறுத்து, ஆறவிட்டுத் திரும்ப வையுங்கள். கடும் நெருப்பில் கருக்கிவிட்டால் பிறகு நிறம் காட்டாது. சமைக்கும் தாச்சியை எடுக்க வேண்டாம். தோல் உறையைப் பெட்டிக்குள் சேர்க்காதீர்கள், பூஞ்சணம் முதலில் வளர்வதே அதில்தான். பூச்சி உருண்டையும் வேண்டாம்.

ஏசி வானிலிருந்து இறங்கியதும் கமராவை வெளியே எடுத்தால் உள்ளேயும் வெளியேயும் வியர்க்கும். இறங்க முன்னமே சிப் பையில் பூட்டி, இறங்கி இருபது நிமிடம் விட்டுத் திறவுங்கள்.

கேள்வி: பற்றரி அரை நாளும் நிற்பதில்லை. பவர் பாங்கால் சார்ஜ் செய்யலாமா? (நெடுங்கேணி வாசகர்)

பதில்: நிற்காதது உங்கள் கமராவின் குறையல்ல, பற்றரி அவ்வளவுதான். தர அளவீட்டின்படி ரிக்கோ ஜிஆர் 3 க்கு ஒரு சார்ஜில் சுமார் 200 படம், ஆர்எக்ஸ்100 மார்க் 7 க்கு சுமார் 260. வைபை, புளூடூத் இரண்டையும் நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் வரும்.

பவர் பாங்கால் செய்யலாம். சோனியின் பற்றரி 1240 மில்லி அம்பியர் மணி. 10,000 என்று போட்ட நல்ல பவர் பாங்கில் இழப்புப் போக ஐந்து தரம் ஏற்றலாம். சோனிக்கு மைக்ரோ யூஎஸ்பி, ரிக்கோவுக்கு யூஎஸ்பி-சி. இரண்டு வயரும் பையில் கிடக்கட்டும். மேலதிகப் பற்றரி வாங்கினால் மலிவானதைத் தவிருங்கள். அவை வெக்கையில் வீங்கி அறைக்குள் இறுகிவிடும். இறுகினால் கத்தியால் நெம்பாதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கமராவை அணைத்துக் குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் வைத்து, கதவு கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். வரவில்லை என்றால் திருத்துநரிடம் கொடுங்கள்.